அரிகிருஷ்ணன் கொல்லையில் சமநிலை வாரியம்

அரிகிருஷ்ணன் அரசாங்கத்திடம் வாங்கிய முதல் அடி, தன் சொந்தக் கக்கூசுக்குப் போகிற வழியில் விழுந்தது. இடது முழங்காலுக்குக் கீழே, மூங்கில் தடியால். வாளி ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் போனார். அடித்தவன் பெயர் விமல்ராஜ். காக்கியும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு சட்டை போட்டிருந்தான். நெஞ்சில் கொக்குப் படம்.

"முட்டை வச்சிருக்குது. அப்பால போ!" என்றான்.

"எவடா முட்டை வச்சா?"

"கொக்கு."

"என் கொல்லையில எனக்கு வயித்த கலக்குதுடா!"

"அதை ஆபீசுல போய்ச் சொல்லு."

அரசாங்கம் சும்மா வந்து அடித்துவிடாது. அடிக்கிற இடத்துக்கு வந்து சேருவதற்கு முன்னால் நிறைய வேலை பார்க்கும். அந்த வேலையைச் சொன்னால்தான் இந்த அடியின் அருமை தெரியும்.

புதுச்சேரியில் உப்பளம் பகுதியில், பெரிய வாய்க்காலை ஒட்டி அரிகிருஷ்ணனுக்கு நாலு குழி மனை. முன்பக்கம் வீடு, பின்பக்கம் கொல்லை, கொல்லைக் கோடியில் கக்கூசு. பஞ்சாலையில் தறி ஓட்டிக் கட்டிய வீடு அது. ஆலையை மூடினார்கள், வீடு மட்டும் மிஞ்சியது. பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீடும் போனால் அவருக்கும் அவர் பெண்சாதி தனத்துக்கும் நடுரோடுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரிடமும் எதையும் சொல்லாத ஆள். சொன்னால் எழுதிக்கொள்வார்கள் என்று பயம்.

ஒரு புயல் வருஷம் வாய்க்கால் சுவர் உடைந்து, ஊர்ச் சாக்கடை மொத்தமும் கொல்லைக்குள் திரும்பியது. வாய்க்கால்காரர்கள் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"சுவரு எங்களுது. ஓட்டை உங்க மனைப் பக்கம் திறந்திருக்குது. அடைக்கணும்னா உங்க மனையில கால் வைக்கணும். அது தனியார் சொத்து. உங்க உரிமையில நாங்க தலையிட மாட்டோம் பெரியவரே."

"நானே கூப்புடுறன் சார், வந்து தலையிடு."

"இன்னைக்குக் கூப்புடுவீங்க, நாளைக்குக் கேசு போடுவீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கியிருக்க வேண்டும். அரிகிருஷ்ணன் கும்பிட்டு அனுப்பிவைத்தார். பிழைக்கத் தெரியாத ஆள்.

தண்ணீர் நின்றது, கொசு வந்தது. கொசுவுக்கு வேறு ஆபீசு. அங்கிருந்து சுடர்விழி என்று ஒரு பெண் பிளாஸ்டிக் பையில் குட்டி மீன்களைக் கொண்டுவந்து கொட்டினாள்.

"இது கொசுப்புழுவைத் தின்னுரும் அண்ணே."

"தண்ணிய எடுத்தா புழுவே இருக்காதேம்மா."

"தண்ணி எடுக்கறது எங்க டிபார்ட்மெண்டு இல்லண்ணே" என்று பையை உதறி மடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான்.

கொசு குறைந்ததோ என்னவோ, மீன் பெருகியது. மீனுக்குக் கொக்கு வந்தது. கொக்கைப் பார்த்து நீர்க்காகம் வந்தது. அதையெல்லாம் பார்த்து, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மனுசர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் வாரியம் வந்தது.

இந்த இடத்தில்தான் புருசன் பெண்சாதி இரண்டு பேரும் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மழை வெள்ளம் வந்தால் பின்னாலேயே கணக்கெடுப்பு வரும். கணக்கெடுக்க வருகிறவனிடம் முழங்கால் தண்ணீரை இடுப்பளவு என்று சொல்வோம், இடுப்பளவைக் கழுத்தளவு என்று சொல்வோம். அவன் பாதியாகக் குறைப்பான் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் இரண்டு மடங்காகச் சொல்வோம் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் பொய் சொல்லி, நடுவில் எங்கேயோ உண்மை நின்று, நிவாரணம் வரும். ஆக, அட்டையும் பேனாவுமாக ஒரு ஆள் வந்து நின்றதும் அரிகிருஷ்ணன் நிவாரணத்துக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

வந்தவர் அருள்முருகன். தனியார் உரிமை – இயற்கைப் பொறுப்புச் சமநிலை வாரியத்தின் செயலாளர். மெல்லிய குரல். பேசும்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பார்.

"ஐயா, தண்ணீர் வருடத்தில் எத்தனை மாதம் நிற்கும்?"

"பன்னெண்டு மாசமும் சார்!"

"ஆழம்?"

"ஆள் முங்கும் சார். யானை முங்கும்."

"பறவைகள்?"

"எக்கச்சக்கம். ராவுல தூக்கமே கெடயாது. கலர் கலரா வெளிநாட்டுப் பறவையெல்லாம் வருது. பாம்பு, ஆமை, எல்லாம்."

தனம் சும்மா இருக்காமல், "நேத்து முதலைகூட ஒண்ணு பாத்தேன் சார்" என்றாள். அரிகிருஷ்ணன் அவள் இடுப்பைக் கிள்ளினார். அவ்வளவு கூட்டினால் நம்ப மாட்டான் என்று.

அருள்முருகன் அப்படியே நம்பினார். கண் கலங்கிவிட்டது. ஒன்றுகூடக் குறைக்காமல் எழுதிக்கொண்டு, அரிகிருஷ்ணனைக் கட்டிப்பிடித்தார்.

"குறைக்காம எழுதுறான் பாரேன். தங்கமான மனுசன்" என்றாள் தனம்.

அடுத்த வாரம் முள்கம்பி வந்தது. பலகை வந்தது: பாதுகாக்கப்பட்ட ஈரநிலம், நுழைந்தால் தண்டனை. கொல்லைக்கு நடுவில் உயரமாகக் கான்கிரீட் மேடை போட்டு, அதன்மேல் காவல் அறை கட்டினார்கள். நிலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. காண்டிராக்டு எடுத்தவன் விமல்ராஜின் தாய்மாமன். மருமகன் குடியிருக்கப்போகிற இடம் என்பதால் சிமெண்டைக் குறைக்காமல் போட்டு, கம்பியைக் கம்பி மாதிரியே வைத்துக் கட்டினான். புதுச்சேரியில் அப்படி ஒரு அரசாங்கக் கட்டடத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இனி அடிக்கு வருவோம். விழுந்த அரிகிருஷ்ணன் எழுந்தார். கையில் ஒன்றும் இல்லை, வாயில் பல் இருந்தது. விமல்ராஜ் குனிந்து, கைநழுவி விழுந்த தடியை எடுக்கும் நேரத்தில் அவன் வலது காதைக் கவ்விவிட்டார். அவன் கத்திய கத்தலில் கொக்குகள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து உட்கார்ந்தன. காதில் ஒரு துண்டு குறைந்தது. காதைக் கடித்ததற்கு ஒரு வழக்கு, கத்தவைத்துப் பறவைகளைக் கலவரப்படுத்தியதற்கு இன்னொரு வழக்கு. இரண்டாவதற்குத்தான் தண்டனை அதிகம் என்று போலீஸ்காரர் சொன்னார்.

வாரியம் விசாரணைக்குக் கூப்பிட்டது. கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உத்தரம் எங்கேயோ ஆகாசத்தில் இருந்தது. மேசைமேல் ஒரு பித்தளைத் தராசு. வாரியம் எந்த முடிவு எடுத்தாலும் முதலில் தராசு வைப்பது முறை. ஒரு தட்டில் மனைக்காரரின் மண், ஒரு தட்டில் அந்த இடத்துத் தண்ணீர். இரண்டும் சமமாக நின்ற பிறகுதான் கூட்டம் தொடங்கும். தானாக அது என்றைக்கு நின்றது? பியூன் இனியவன் ஓரமாக நின்று, எந்தத் தட்டு மேலே போகிறதோ அதை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டிருப்பான். அதற்கென்றே எடுத்த ஆள். விரல் ஒருபக்கமாக வளைந்துபோய்விட்டது.

தராசு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அருள்முருகன் எழுந்தார்.

"அன்பர்களே, தனியார் சொத்துரிமை புனிதமானது. ஐயா அரிகிருஷ்ணனின் மனை ஐயா அரிகிருஷ்ணனுடையதே. வரியை அவர்தான் கட்டுவார். அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. அதே நேரத்தில் இயற்கையைக் காப்பது அரசின் பொறுப்பு. உரிமை அவருடையது என்பதால் நாங்கள் அங்கே எதையும் சீர்செய்ய மாட்டோம். பொறுப்பு எங்களுடையது என்பதால் அவர் அங்கே எதையும் செய்யக் கூடாது. இதைத்தான் நாங்கள் சமநிலை என்கிறோம்."

மறுபடி கை தட்டினார்கள்.

"அப்ப நாங்க எங்க சார் வெளிக்குப் போறது?" என்று அரிகிருஷ்ணன் கேட்டார்.

"நல்ல கேள்வி. அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கலாம்."

அடுத்த மனு பக்கத்து மனைக்காரன் வினோத்குமாருடையது. அதே தண்ணீரின் மறுபாதி அவன் இடத்தில்தான் நின்றது. லாரி லாரியாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டித் தூர்த்துக்கொண்டிருந்தான். பறவை பார்க்கிற விடுதி கட்டப்போகிறானாம்.

"அவன் தூர்க்குறான் சார், நெரப்புறான்! அவன் பக்கம் கொக்கு இல்லியா?"

அருள்முருகன் வானத்தைத் தேடினார், உத்தரம்தான் இருந்தது. "அவர் நிரப்பினால்தான் மக்கள் அங்கே நின்று உங்கள் பக்கத்துப் பறவைகளைப் பார்க்க முடியும். நீங்கள் நிரப்பினால் எதைப் பார்ப்பார்கள்? மேலும் அது தனியார் சொத்து. நாங்கள் எப்படித் தலையிடுவது?"

வினோத்குமாரின் மண்ணைத் தட்டில் வைத்தார்கள். இனியவன் விரலை நீட்டினான். அரிகிருஷ்ணன் அந்த விரலைப் பிடித்து இழுத்தார். இனியவன் மேசைமேல் கவிழ்ந்தான், தராசு கவிழ்ந்தது. தட்டு ஒன்று பறந்துபோய் அருள்முருகனின் புருவத்தைக் கிழித்தது. பிறகு வினோத்குமாரின் ஆட்கள் அரிகிருஷ்ணனை மாடிப்படியில் இறக்கினார்கள். காலைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு படியாக, தலை தட்டத் தட்ட. கீழே வந்து சேர்ந்தபோது முன்பல் இரண்டைக் காணோம். மேலே அருள்முருகன் கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டு, "கருத்துக் கேட்பு இனிதே நிறைவுற்றது" என்று எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரிகிருஷ்ணன் ரத்தத்தைத் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். தனம் பார்த்தாள். "எத்தினி பேரு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் விமல்ராஜ் சாப்பிடப் போன நேரம். இரண்டு பேரும் சாக்கில் மணலைக் கட்டி வாய்க்கால் ஓட்டையில் அடுக்கினார்கள். பாதி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் வருவது குறைந்தது. அப்போது விமல்ராஜ் பல் குத்திக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"டேய் கெழவா! நீர்நிலைய அழிக்கிறியா?"

தடியால் அரிகிருஷ்ணனின் முதுகில் இரண்டு வைத்தான். மூன்றாவது வைக்கக் கை ஓங்கும்போது, துணி துவைக்கிற கட்டையால் தனம் அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு உடைகிற சத்தம் ரோடு வரை கேட்டது. மூன்று பேரும் சாக்கடையில் புரண்டார்கள். யார் கை யார் கழுத்தில் என்று தெரியவில்லை. கடைசியில் விமல்ராஜ் ஒற்றைக் கையோடு கரையேறி, போனை எடுத்தான்.

அரைமணி நேரத்தில் ஜேசிபி வந்தது. கொல்லையில் தண்ணீர் புகுந்து ஐந்து வருஷமாக வராத வண்டி. கூடவே, தனியார் சொத்தில் கால் வைக்க மாட்டேன் என்ற அதே இன்ஜினியர். இப்போது அவர் கால் வைப்பது தனியார் சொத்தில் இல்லையாம், ஈரநிலத்தில் வைக்கிறாராம். சாக்குகளை அள்ளிய ஜேசிபி, சாக்கோடு சேர்த்து வாய்க்கால் சுவரிலும் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து எடுத்தது. தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் அடுப்பங்கரைக்குள் மீன் நீந்தியது.

வாரியம் வந்து நாடா பிடித்து அளந்தது. அருள்முருகனின் புருவத்தில் பிளாஸ்திரி.

"நீர்ப்பரப்பு விரிவடைந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் நீர்ப்பரப்புக்குள் ஒரு வீடு இருக்கிறதே!"

"அது முன்னாலயே இருந்துச்சி சார். தண்ணிதான் இப்ப வந்துச்சி."

"யார் முதலில் வந்தார்கள் என்று பார்த்தால் இயற்கைதானே ஐயா முதலில் வந்தது? நீர்நிலைக்குள் வீடு இருந்தால் அது ஆக்கிரமிப்பு. உங்கள் மனையை உங்கள் வீடு ஆக்கிரமித்திருக்கிறது. உங்கள் சொத்தை மீட்டுத் தருவது எங்கள் கடமை."

மீட்கிற நாளை விழாவாக வைத்தார்கள். ரோட்டோரம் ஷாமியானா, நாற்காலி, மைக். வினோத்குமார் சரவெடி வாங்கிக் கொடுத்தான். சரவெடி வெடித்ததும் கொக்கும் நீர்க்காகமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழும்பிக் கடல் பக்கம் பறந்தன. கூட்டில் இருந்த குஞ்சுகள் பறக்க முடியாமல் கத்தின. ஜேசிபி கொல்லைக்குள் இறங்கி, கூடு இருந்த புதர்மேல் ஏறியது. கத்தல் நின்றது.

"இயற்கையான இறப்பு" என்று அருள்முருகன் மைக்கில் சொன்னார். "வலியன பிழைக்கும். சட்டத்தில் இடமிருக்கிறது."

அரிகிருஷ்ணனை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனம் வீட்டுக்குள் இருந்தாள். வெளியே வா என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அவள் ஜன்னல் வழியாக, "உள்ள வாங்கடா, சோறு போடுறேன்!" என்றாள். ஜேசிபி ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றது. தனம் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து, அப்படியே டிரைவரின் முகத்தில் வீசினாள்.

கண் தெரியாத டிரைவர் கைக்கு வந்த நெம்புகோலையெல்லாம் இழுத்தான். இரும்புக் கை சுற்றியது. முதல் சுற்றில் வீட்டின் முன்சுவர் போனது, கூரை உட்கார்ந்தது. இரண்டாவது சுற்றில் ஷாமியானாவின் கம்பம் போனது. வாரியம் மொத்தமும் துணிக்குள் மாட்டிக்கொண்டு மூட்டை மாதிரி உருண்டது. வாரியத்து ஜீப் நசுங்கியது. இன்ஜினியரின் கால் ஜீப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்தது. மூன்றாவது சுற்றில் இரும்புக் கை காவல் அறையில் போய் மோதியது. மோதிய வேகத்தில் ஜேசிபியின் பல் ஒன்று உடைந்து விழுந்தது. அறை அசையவில்லை. சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது.

அரிகிருஷ்ணன் போலீஸ்காரர்களை உதறிக்கொண்டு ஓடி, ஓட்டுக் குவியலைக் கையால் தோண்டினார். நகம் பிய்ந்தது. தனத்தின் முடி கிடைத்தது; பிறகு தலை, பிறகு தோள். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். கண்ணைத் திறந்தாள்.

"வீடு?"

"போச்சி."

தனம் எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். உப்பளம் பக்கம் அவர்களுக்கென்று ஒரு சுவர்கூட நிற்கவில்லை. தண்ணீருக்கு நடுவில் அந்தக் காவல் அறைதான் நின்றது. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். அரிகிருஷ்ணன் குவியலிலிருந்து கடப்பாரையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

விமல்ராஜ் கையில் மாவுக்கட்டோடு வாசலில் நின்றான். "இது கவர்மெண்டு எடம்! மேல ஏறாத!"

கடப்பாரையின் மொட்டை முனை அவன் வயிற்றில் இறங்கியது. மடங்கினான். தனம் அவன் மாவுக்கட்டைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் தள்ளினாள். உள்ளே கட்டில், மின்விசிறி, அடுப்பு, எல்லாம் இருந்தது. பின்னால் கக்கூசும் இருந்தது. பளிங்குக் கல் போட்ட கக்கூசு. தனம் அதைத் திறந்து பார்த்துவிட்டு, நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

கரையில் போலீஸ் நின்றது.

"எறங்கிப் பிடிங்க" என்றார் அருள்முருகன். அவர் கழுத்தில் ஷாமியானாக் கயிறு இறுக்கிய தடம்.

"நுழைஞ்சா தண்டனைன்னு பலகை வச்சிருக்கீங்களே சார். முட்டைக் காலம் முடிஞ்சிருச்சா?"

பறவை ஒன்றுகூட இல்லை. ஆனால் முட்டைக் காலம் முடிந்தது என்று வாரியம் கூடித்தான் அறிவிக்க வேண்டும். கூட வேண்டுமென்றால் தராசு வேண்டும். அது வளைந்து கிடந்தது. இனியவன் விரல் வீங்கி லீவில் இருந்தான்.

அப்படியானால் அறையை இடித்துவிடலாம் என்றார்கள். தனியார் வீட்டை இடிக்க ஒரு வாரம் போதும். அரசாங்கக் கட்டடத்தை இடிக்க வேண்டுமானால் கட்டியவன், கணக்குப் பார்த்தவன், திறந்துவைத்தவன் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டி ஒரு வருஷம்கூட ஆகாததை ஏன் இடிக்கிறீர்கள் என்று எவனாவது கேட்டால், அறைக்கு எவ்வளவு செலவானது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சை அருள்முருகனும் விரும்பவில்லை, விமல்ராஜின் தாய்மாமனும் விரும்பவில்லை. ஆக, ஊரிலேயே எந்த ஜேசிபியாலும் தொட முடியாத வீட்டில் அரிகிருஷ்ணன் இருந்தார். தனத்தின் நெற்றிக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டு, அதே வழியாகத் திரும்பி வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. கரண்டு பில்லை வாரியம் கட்டியது.

ஐப்பசி வந்து மழை பிடித்தது. வாய்க்கால் பொங்கி, தண்ணீர் மேடையின் விளிம்புக்கு ஏறியது.

"உள்ள வந்துரும் போல இருக்கேங்க" என்றாள் தனம்.

"வரட்டும்" என்றார் அரிகிருஷ்ணன்.

அன்றைக்கு மத்தியானமே வாரியத்திலிருந்து ஆள் வந்து படம் எடுத்தான். அரசாங்கக் கட்டடத்துக்குள் தண்ணீர் புகும் அபாயம் என்று எங்கெங்கோ போன் பறந்தது. மழையோடு மழையாக லாரியில் கருங்கல் வந்தது, சிமெண்டு வந்தது, ஆட்கள் வந்தார்கள். காலில் கட்டோடு அந்த இன்ஜினியரும் வந்து, குடைக்குள் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்! கவர்மெண்டு சொத்து!" என்று கத்தினார். இருட்டுவதற்குள் ஓட்டை அடைபட்டது. அதன்மேல் இன்னொரு சுவரும் எழுப்பினார்கள்.

மழை விட்டு மூன்றாம் நாள் கொல்லை காய்ந்தது. சேற்றில் துள்ளிய மீனைக் காக்கைகள் கொத்திக் கொத்தித் தின்றன. வீடு இருந்த இடத்தில் அடுப்பு மேடை மட்டும் தலைகாட்டியது. அருள்முருகன் செருப்பு நனையாமல் நடந்து வந்தார். சிரித்த முகம்.

"வாழ்த்துகள் ஐயா. நீர் இல்லை, ஆகவே ஈரநிலம் இல்லை. உங்கள் மனை முழுவதும் உங்களுக்கே. தாராளமாக வீடு கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் அறையை மட்டும் காலி செய்து கொடுத்தால் போதும்."

தனம் உள்ளே குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். "யாருங்க அது?" என்றாள்.

"யாரோ, நம்ம மனையில ஏறி வந்து நிக்கிறான்" என்று சொல்லி, அரிகிருஷ்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.